டின்னைப் பிடித்தீர்கள், டின் வந்த வழியைப் பிடித்தீர்களா?



மளிகைக்கடையில் அதிகாரி சோதனை போட்டால் விவசாயிகள் சங்கத்துக்கு என்ன வந்தது என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கரண்டுக்கு நோட்டீஸ் போட்டீர்கள், வாய்க்கால் தண்ணீருக்குப் போட்டீர்கள், கரும்புப் பாக்கிக்குப் போட்டீர்கள், இப்போது கடைக்காரனுக்காகவுமா என்று கேட்கிறார்கள். கடைக்காரனுக்காக மட்டும் அல்ல. எள்ளும் கடலையும் போட்டுவிட்டு விலை கிடைக்காமல் நிற்கிறோமே, முக்கியமாக நமக்காகத்தான் இந்த நோட்டீஸ். கொஞ்சம் பொறுமையாக முழுசாகப் படியுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நடந்தது என்ன?

நம்ம வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர். நூற்றைம்பது வீடு இருக்கும். ஒரே ஒரு மளிகைக்கடை. ஊர்ப் பெயரையும் கடைக்காரர் பெயரையும் இங்கே எழுதவில்லை, அவர் பட்ட அவமானம் போதும். அவருக்கும் ஒன்றரை ஏக்கர் காடு இருக்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் பாதி ஊருக்கு அரிசி, பருப்பு கடனாகக் கொடுத்து, நோட்டில் எழுதி வைத்து, அறுப்பு முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிற மனிதர்.

போன பங்குனியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார், மாட்டியிருந்தது. தேதி முடிந்த பிஸ்கட் பாக்கெட் நாலு கிடைத்தது, கொட்டச் சொன்னார். அதுவரை சரி. பிறகு மூலையில் இருந்த 15 கிலோ கடலை எண்ணெய் டின். மேல் மூடி வெட்டி, உள்ளே குவளை போட்டு, நூறு மில்லி இருநூறு மில்லி என்று நம்ம ஜனங்களுக்கு ஊற்றிக் கொடுக்கிற டின். அதில் மாதிரி எடுத்தார்கள். சீல் வைத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். போனார்கள்.

ஆய்வறிக்கை வந்தது. அது கடலை எண்ணெய் இல்லை, வேறு எண்ணெய் கலந்தது என்று வந்தது. வழக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போனது. நாலு தடவை கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் கடை பூட்டு. கடைசியில் இருபதாயிரம் அபராதம். வீட்டம்மா கழுத்தில் இருந்ததைக் கூட்டுறவு பாங்கில் வைத்துக் கட்டினார்.

எங்கே வாங்கினாய் என்று அவரிடம் கேட்கத்தான் செய்தார்கள். டவுனில் மொத்த வியாபாரக் கடையில் வாங்கியது. பில் எங்கே? ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் "எ 2 டின்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. கடை பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, தயாரிப்பு எண் இல்லை. அதோடு விசாரணை முடிந்தது.

அன்றைக்கு அந்த மொத்த வியாபாரியிடம் இருந்து டின் ஏற்றிய வண்டி நம்ம ஊர் வழியாக எத்தனை கடைக்குப் போயிருக்கும்? ஒரு டின் மாட்டியது. மற்ற டின்னெல்லாம் நம்ம வீட்டுத் தாளிப்புக் கரண்டிக்குள் போனது. கலந்தவன் எங்கே உட்கார்ந்து கலந்தான் என்று யாருக்கும் இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயற்சி செய்யவும் இல்லை.

நமக்கு என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கீழ்பவானி இரண்டாம் பட்டத் தண்ணீரில் நாம் போடுவது கடலையும் எள்ளும். கிணற்றுப் பாசனக்காரரும், மழையை நம்பி மானாவாரியில் விதைப்பவரும் போடுவது அதேதான். எள்ளுக்கு 2025-26-ம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய். அதாவது கிலோ 98 ரூபாய் சொச்சம். அந்த விலை நமக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பது வேறு கதை, அதை சிவகிரி விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்குப் போனவர்களைக் கேளுங்கள். கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம்.

எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய் என்பார்கள். செக்கில் ஆட்டினால் அவ்வளவு வராது, ஒரு லிட்டருக்கு இரண்டேகால், இரண்டரை கிலோ எள் பிடிக்கும். மில்லில் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாலும் ஏறக்குறைய 2 கிலோ எள் வேண்டும். இரண்டு கிலோ எள்ளுக்கே 196 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசை ஆட்டுகூலிக்கும் கரண்டுக்கும் ஏற்றுக்கூலிக்கும் கழித்துவிடலாம். பாட்டில், லேபிள், லாரி வாடகை, மொத்த வியாபாரி கமிஷன், கடைக்காரர் லாபம் என்று எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

அப்புறம் எப்படீங்க கடையில் ஒரு லிட்டர் "நல்லெண்ணெய்" 150-க்கும் 160-க்கும் தொங்குகிறது? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம், நாலாங்கிளாஸ் வாய்ப்பாடு போதும். ஆதார விலைக்கு எள் வாங்கி யாராலும் அந்த விலைக்கு எண்ணெய் விற்க முடியாது. ஒன்று, எள்ளை நம்மிடம் அடிமாட்டு விலைக்குப் பிடுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது எள் எண்ணெயாக இருக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டுமே நடக்கிறது.

ஒரு டின்னில் பாதி பாமாயிலை ஊற்றுகிறவன், பாதி டின் எள் வாங்குவதை நிறுத்துகிறான் என்று அர்த்தம். அந்தப் பாதி டின் எள் நம்ம களத்தில் கிடக்கிறது. ஏலத்துக்கு வருகிற வியாபாரி குறைகிறான். விலை இறங்குகிறது. நம்ம எள்ளை விற்ற காசைக் கொண்டுபோய் கடையில் எண்ணெய் வாங்குகிறோமே, அதிலும் நமக்குக் கலப்படம்தான். விற்கும்போது ஒரு அடி, வாங்கும்போது ஒரு அடி. கலப்படம் என்பது டவுன்காரர் உடம்புப் பிரச்னை என்று இனியும் சொல்ல முடியுமா?

நாட்டுச்சர்க்கரையிலும் இதே கதைதான். கவுந்தப்பாடி விற்பனைக்கூடத்தில் பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை வாங்குகிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் ஆலை ஆட்டுகிற கொப்பரையில் வெள்ளைச் சீனி மூட்டையைக் கொட்டி, ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம். அவன் சரக்கு பளபளவென்று இருக்கிறது. கலப்பில்லாமல் காய்ச்சியவன் சரக்கு கருப்பாக இருக்கிறதென்று விலை குறைக்கிறார்கள். நம்மாளே செய்தாலும் தப்பு தப்புதான், சங்கம் அவனுக்குப் பரிந்து வராது.

கடுகுக்கு ஒரு நியாயம், எள்ளுக்கு ஒரு நியாயமா?

எண்ணெயோடு எண்ணெய் கலப்பது எல்லாமே குற்றம் என்று நினைக்காதீர்கள். இரண்டு சமையல் எண்ணெய்களைக் கலந்து "கலப்பு சமையல் எண்ணெய்" என்று விற்கச் சட்டமே அனுமதி தருகிறது. எந்த எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அக்மார்க் வேண்டும், சீல் வைத்த பாக்கெட்டில்தான் விற்க வேண்டும், எது எவ்வளவு என்று எழுத வேண்டும். இவ்வளவும் நிபந்தனை. நடைமுறை என்ன? முன்பக்கம் பெரிய கடலைக்காய் படம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் 80 சதவீதம் பாமாயில், 20 சதவீதம் கடலை எண்ணெய். நம்ம பாட்டிமார் பூதக்கண்ணாடியோடா கடைக்குப் போகிறார்கள்?

இந்தக் கலப்பு அனுமதியில் இருந்து ஒரே ஒரு எண்ணெய் தப்பித்துக்கொண்டது, கடுகு எண்ணெய். 2021 ஜூன் 8 முதல் கடுகு எண்ணெயோடு வேறெந்த எண்ணெயையும் கலந்து விற்கக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. நல்ல காரியம். வடக்கே இருக்கிற கடுகு விவசாயிக்குக் கிடைத்தது நமக்கும் சந்தோஷமே. நாங்கள் கேட்பது, அதே தடையை நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் போடுவதில் என்ன சங்கடம்? தெற்கே எள் போடுகிறவனும் தென்னை வைத்திருக்கிறவனும் ஓட்டுப் போடுவதில்லையா?

இன்னொரு தந்திரம் இருக்கிறது, "தீப எண்ணெய்". நல்லெண்ணெய்க்குப் பக்கத்துத் தட்டில், அதே நிறத்தில், அதே மாதிரி பாட்டிலில் இருக்கும். விலை பாதி. விளக்கேற்ற மட்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். உணவு அல்ல என்று எழுதிவிட்டால் உணவுச் சட்டம் அதைத் தொடாது. விலையைப் பார்த்துவிட்டு அதை வாங்கிப் போய்த் தோசை சுடுகிற வீடுகள் நம்ம ஊரிலேயே இருக்கின்றன. சோதனைக்கு வருகிற அதிகாரி அந்த பாட்டிலைத் தாண்டித்தான் போகிறார்.

பாமாயில் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து கப்பலில் வருகிறது. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. கச்சா பாமாயிலுக்கான அடிப்படை வரியை 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆக்கினார்கள், நாம் மூச்சு விட்டோம். 2025 மே 30-ல் 10 சதவீதமாக இறக்கிவிட்டார்கள். வரி இறங்க இறங்க, கலக்கிறவனுக்குக் கலக்குகிற சரக்கு மலிவு. 2007-ல் இருந்து நம்ம ரேஷன் கடையிலும் பாமாயில்தான் ஊற்றுகிறார்கள். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ரேஷனில் கொடு என்று நாம் கேட்பது இதனால்தான்.

சோதனையே வேண்டாம் என்பவர்களோடு நாம் இல்லை

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கலப்படத் தடைச் சட்டம் 1954-ம் வருஷத்துச் சட்டம். அதை எடுத்துவிட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் என்று 2006-ல் கொண்டுவந்தார்கள். 2011 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தபோது வணிகர் சங்கங்கள் நாடு முழுக்க எதிர்த்தன. உரிமம் எடுக்கக் கெடு தள்ளித் தள்ளிப் போனது. அபராதத் தொகை அதிகம், பெரிய கம்பெனிக்குத் தோதான சட்டம், அதிகாரி லஞ்சம் கேட்பார் என்றெல்லாம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அதற்காகச் சட்டமே வேண்டாம், சோதனையே கூடாது என்றால் நாம் ஒத்துக்கொள்ள முடியாது.

1998-ல் டில்லியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, உடம்பு வீங்கி 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்கள் சில்லறையில் எண்ணெய் வாங்கித் தின்கிற சாதாரண ஜனங்கள். சமையல் எண்ணெயைத் திறந்த டின்னில் ஊற்றி விற்கக் கூடாது என்ற கண்டிப்பு இறுகியது அதற்குப் பிறகுதான். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் திரும்ப எண்ணெய் அடைக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். இதெல்லாம் நம்ம உயிருக்கு வைத்த காவல்.

ஆனால் ஐம்பது ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிற கூலிக்காரப் பெண் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்க எங்கே போவாள்? சட்டம் போட்டவர்கள் அதை யோசிக்கவில்லை. சின்னப் பாக்கெட் இருக்கிறதே என்பார்கள், கணக்குப் பார்த்தால் சின்னப் பாக்கெட்டில் லிட்டர் விலை கூட. அதனால்தான் டின் ஊருக்குள் வருகிறது. டின் ஊருக்குள் வருவதால்தான் கலப்படம் வருகிறது. இதற்கு வழி கடைக்காரரைப் பிடிப்பது இல்லை. கூட்டுறவு சங்கமும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் நல்ல எண்ணெயை நூறு மில்லி, இருநூறு மில்லி பாக்கெட்டில் கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அரசு மானியம் கொடுக்கட்டும். வெளிநாட்டுப் பாமாயிலுக்கு வரியைக் குறைக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாதா?

நாம் கேட்பது சோதனையை நிறுத்து என்று இல்லை. சோதனையை மேலே கொண்டுபோ என்கிறோம். நூறு சில்லறைக் கடையில் மாதிரி எடுப்பதைவிட, அந்த நூறு கடைக்கும் சரக்கு அனுப்புகிற ஒரு கிட்டங்கியில் மாதிரி எடுத்தால் கலப்படத்தின் வேர் கிடைக்கும். ஒன்றியத்துக்கு ஒரு அதிகாரி என்று போட்டு, பெட்டிக்கடை, ஓட்டல், விடுதிச் சமையல், கோயில் அன்னதானம், குட்கா வேட்டை எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாதம் இத்தனை மாதிரி எடுத்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். அவரும் மனுஷன்தான். எங்கே சுலபமோ அங்கே போகிறார். எதிர்த்துப் பேச வக்கீல் இல்லாத இடம் எதுவோ அதுதான் சுலபம்.

பெரிய கம்பெனிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் தடை போட்டார்கள். ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கம்பெனி தரப்பை ஒழுங்காகக் கேட்கவில்லை, சோதனை செய்த ஆய்வகங்கள் அந்தச் சோதனைக்கு முறையான அங்கீகாரம் பெறாதவை என்று கோர்ட் சொன்னது. கோர்ட் சொன்னது சரியா தப்பா என்ற வாதத்துக்கு நாம் போகவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க கம்பெனிக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். நம்ம ஊர்க் கடைக்காரருக்குக் கேள்வி கேட்கலாம் என்பதே தெரியாது.

தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரர்களுக்கும் சொல்லுங்கள்

மாதிரி எடுத்தால் அதை நாலு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நாலாவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. செலவு அவருடையது. ஆனால் அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். நம்ம கடைக்காரர் நாலாவது பாகம் என்ற ஒன்று இருப்பதையே அபராதம் கட்டிய பிறகுதான் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எடுத்த மாதிரிக்கு விற்பனை விலைப்படி அதிகாரி பணம் கொடுக்க வேண்டும். ஓசி கிடையாது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை தப்பு என்று தோன்றினால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம், அது மைசூர் போன்ற மேல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சொல்வதுதான் முடிவு. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிற அதிகாரிக்கு ஒரு லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தின் 39-வது பிரிவில் இடம் இருக்கிறது. கோபத்தில் பொய்ப் புகார் எழுதிவிடாதீர்கள், அதே பிரிவு பொய்ப் புகார் கொடுத்தவர் மேலும் பாயும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பில். 26-வது பிரிவைப் படியுங்கள். மேலே இருக்கிற வியாபாரி கீழே இருக்கிற வியாபாரிக்குச் சரக்கு கொடுக்கும்போது அதன் தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும். தனியாக உத்தரவாதம் எழுதித் தராவிட்டாலும் பில்லே உத்தரவாதம் என்கிறது சட்டம். அதாவது ஒரு பில் இருந்தால், நான் இன்னாரிடம் வாங்கினேன், அவரைக் கேள் என்று கடைக்காரர் கையைக் காட்ட முடியும். வழக்கு மேலே ஏறும். பில் இல்லையென்றால் வழக்கு நம்ம ஊர் எல்லையிலேயே செத்துவிடும். மொத்த வியாபாரி ஏன் பில் தர மறுக்கிறான், ஏன் பில் போட்டால் டின்னுக்கு நூறு ரூபாய் கூட என்கிறான் என்று இப்போது விளங்குகிறதா? வரி ஏய்ப்பு மட்டும் இல்லை. கலப்படத்தின் காலடித் தடத்தை அழிக்கிற வேலை அது. அதிகாரியும் கடைக்காரரைப் பார்த்து பில் இல்லையா, அபராதம் கட்டு என்கிறாரே தவிர, பில் கொடுக்காதவன் யார் என்று டவுனுக்கு ஜீப்பைத் திருப்புவது இல்லை.

விவசாயிக்கு ஒரு வார்த்தை. விளைந்ததை விளைந்தபடி விற்கிற விவசாயியை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, 18-வது பிரிவு அதைச் சொல்கிறது. சந்தையில் எள் மூட்டையோ தேங்காயோ போட்டு விற்கிறவரிடம் யாராவது லைசென்ஸ் கேட்டால் அதை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் எள்ளை ஆட்டி பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினால் நாமும் உணவு வியாபாரிதான், பதிவு எடுக்க வேண்டும். 2011-ல் விதி வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் நூறு ரூபாய் என்று வைத்தார்கள். நூறு ரூபாய்ப் பதிவுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவார்கள்.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

இந்தத் தடவை வெறும் மனு கொடுத்துவிட்டு வரப்போவதில்லை. சட்டத்தின் 40-வது பிரிவு அதிகாரிக்கு மட்டும் இல்லை, பொருள் வாங்குகிற யாருக்கும் ஒரு உரிமையைக் கொடுத்திருக்கிறது. கடையில் ஒரு பொருளை வாங்கி, வாங்கும்போதே சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். 14 நாளில் அறிக்கை தர வேண்டும். கலப்படம் என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் நடவடிக்கைக்காக நியமன அலுவலருக்குப் போகும். நமக்குப் பக்கத்திலேயே கோவையிலும் சேலத்திலும் அரசு ஆய்வகம் இருக்கிறது.

சங்கம் சார்பில் அப்படி வாங்கப் போகிறோம். ஆனால் எங்கே வாங்குவது என்பதில்தான் நம்ம கொள்கை இருக்கிறது. ஊர் மளிகைக்கடையில் வாங்கப் போவதில்லை. டவுனில் மொத்த வியாபாரக் கடைகளிலும், பாக்கெட் அடிக்கிற இடங்களிலும், பில் போட்டு, சொல்லிவிட்டு, முறைப்படி வாங்கப் போகிறோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றிலும் வாங்குவோம். பில் தர மாட்டேன் என்கிற கடையின் பெயரை எழுதி மாவட்ட நியமன அலுவலரிடமும் வணிகவரி அலுவலகத்திலும் கொடுப்போம். நல்ல சரக்கு என்று அறிக்கை வந்தால் அதையும் நோட்டீஸ் போட்டுச் சொல்வோம், நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதுவே விளம்பரம்.

அரசிடம் நாம் கேட்பது:

மாதிரி எடுப்பதை மில், பாக்கெட் அடிக்கும் இடம், மொத்தக் கிட்டங்கி ஆகிய இடங்களில் இருந்து தொடங்கு. சில்லறைக் கடையில் கலப்படம் கண்டால் சரக்கு வந்த வழியை விசாரித்து, அதை எழுத்தில் பதிவு செய்யாமல் வழக்கை முடிக்காதே.

எடுத்த மாதிரி எத்தனை, எங்கே எடுத்தது, முடிவு என்ன, யாருக்கு எவ்வளவு அபராதம் என்று ஒவ்வொரு கிராமசபையிலும் படித்துக் காட்டு.

கடுகு எண்ணெய்க்குப் போட்ட கலப்புத் தடையை நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கும் போடு. தீப எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு ஒரே தட்டில் வைத்து விற்பதைத் தடை செய்.

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் நம்ம எண்ணெயைக் கொடு.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, குறைதீர்க்கும் நாளில், கலெக்டர் ஆபீஸ் முன்பு ஆர்ப்பாட்டம். பெண்கள் அவசியம் வர வேண்டும், எண்ணெய் வாங்குவதும் ஊற்றுவதும் அவர்கள்தான். வரும்போது ஆளுக்கொரு பிடி எள்ளும், வீட்டில் இப்போது புழங்குகிற எண்ணெயில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலிலும் கொண்டு வாருங்கள். எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கியது, பில் கொடுத்தார்களா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். எல்லா பாட்டிலையும் கலெக்டர் மேஜை மேல் வரிசையாக வைப்போம். அந்த ஊர்க் கடைக்காரரும் தன் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

காலை 8 மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருந்து வேன் புறப்படும். பஸ்ஸில் வருகிறவர்கள் நேராக கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள்.